கிரிவலப் பாதையில் அணையாத ஆயில் விளக்கு

முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு என் மனைவி செல்வியால் ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. பஸ், கார் எதுவும் ஒத்துவராது. அதற்காகவே போன வருடம் ஒரு 2003 மாடல் வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் பொருத்தி கேம்பர் ஆக்கினேன். இரண்டு வருடமாக வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள் முதலில் கேட்டது திருவண்ணாமலை. நடக்க முடியாது, வண்டியிலேயே மலையைச் சுற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். பௌர்ணமியில் வண்டியோடு உள்ளே நுழைவது நடக்காத காரியம். அதனால் போன மாதம் ஒரு சாதாரணப் புதன்கிழமை கிளம்பினோம்.

கிளம்புவதற்கு முன்பே எனக்கு ஒரு பயம் இருந்தது. இந்த இன்ஜின் ஏற்கெனவே ஒருமுறை சுழலாமல் இறுகிப் பிடித்துக்கொண்டு, பிரித்துச் சரிசெய்தது. "இன்னொரு தடவ புடிச்சா காயலான் கடைதான் சார்" என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்லியிருந்தார். இன்னொரு வேன் வாங்க எனக்குத் தெம்பு இல்லை. இது போனால் செல்வியின் பயணமும் போச்சு.

முந்தின நாள் சாயங்காலம் வண்டிக்குப் பூஜை போட்டோம். வழக்கமாக முன்சக்கரத்துக்கு எதிரே, தரையில் நான்தான் தேங்காய் உடைப்பேன். இந்த முறை தானே உடைக்க வேண்டும் என்றாள். குனிய முடியாது என்பதால் முன்சீட்டில் உட்கார்ந்தபடியே அரிவாளின் பின்புறத்தால் தட்டி உடைத்தாள். சிந்திய தண்ணீரைத் துடைத்துவிட்டேன்.

புதன் காலை 5.10க்குக் கடலூரிலிருந்து புறப்பட்டோம். விழுப்புரம் வழியாக 107 கிலோமீட்டர். பாதி வழி செல்வி படுத்துக்கொண்டே வந்தாள். 8 மணிக்குத் திருவண்ணாமலை. பொங்கல், வடை, காபி இருவருக்கும் 170 ரூபாய். பொங்கலில் மிளகைத் தேட வேண்டியிருந்தது, அது வேறு கதை. 8.50க்கு ராஜகோபுரத்தை வணங்கிவிட்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் கிரிவலத்தைத் தொடங்கினோம். செங்கம் சாலையில் நெரிசல், ரமணாசிரமம் தாண்டவே அரை மணி நேரம் ஆனது, பிறகு வலதுபக்கம் திரும்பியதும் நிம்மதியான பாதை. செல்வி எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சரியாக 9.40க்கு, அடி அண்ணாமலை ஊருக்குள் நுழையும்போது ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது.

இந்த விளக்கு எரிந்தால் இன்ஜினுக்குள் ஆயில் ஏறவில்லை என்று அர்த்தம். அப்படியே இரண்டு நிமிடம் ஓட்டினால் போதும், கதை முடிந்துவிடும். உடனே ஓரங்கட்டி சாவியைத் திருப்பி அணைத்தேன். கீழே ஒழுகல் இல்லை. ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் அளவு சரியாகவே இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. ஆயில் இருந்தும் ஏறவில்லை என்றால் ஆயில் பம்ப்பே போய்விட்டதோ?

டீக்கடையில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "பழைய வண்டின்னா அப்டித்தான் சார் எரியும். அதுமேல கறுப்பு டேப் ஒட்டினு போய்க்கினே இருங்க. என் வண்டில மூணு வருஷமா ஒட்டி வெச்சிருக்கேன்" என்றார். அவர் ஆட்டோவைப் பார்த்தேன், அது நன்றாகத்தான் இருந்தது. ஒரு கணம் எனக்கும் சபலம் தட்டியது. வேங்கிக்காலில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தால், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் ஆள் வரும் என்றார்கள். கடைசியில் டீக்கடை அம்மாதான், "நம்ம ஏழுமலயக் கூப்புடுங்க, டிராக்டர் பாக்கறவரு" என்று நம்பர் கொடுத்தார்.

ஏழுமலைக்கு நாற்பது வயதிருக்கும். மொபெட்டில் வந்து இறங்கியதும் முதல் கேள்வி: "எரிஞ்சதுக்கு அப்புறம் எவ்ளோ தூரம் ஓட்டினீங்க?"

"ஓட்டல. உடனே ஆஃப் பண்ணிட்டேன்."

"அது போதும் சார்."

இந்த வேனில் முன்சீட்டுகளுக்கு நடுவே ஒரு மூடிக்கு அடியில்தான் இன்ஜின். அதைத் திறந்து, ஆயில் பிரஷர் ஸ்விட்சிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, சாவியை மட்டும் போடச் சொன்னார். விளக்கு எரியவில்லை. "அப்ப ஸ்விட்ச்தானே கோளாறு!" என்று துள்ளினேன்.

"இருங்க சார். ஒயரப் புடுங்கினா எந்த வண்டிலயும் அணைஞ்சிடும். ஆயில் நெஜமாவே ஏறலன்னாலும் அணையும். பிரஷர் அளக்கற கேஜ் வெச்சுப் பாத்தாதான் தெரியும்" என்றவர் அதை எடுத்துவர வீட்டுக்குப் போனார். அந்த இருபத்தைந்து நிமிடமும் நான் வேனைச் சுற்றி வந்ததைக் கணக்கெடுத்தால் தனிக் கிரிவலமே ஆகியிருக்கும்.

ஏழுமலை ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜைத் திருகினார். "ஸ்டார்ட் பண்ணுங்க. முள்ளு ஏறலன்னா கை காட்டறேன், ஒடனே ஆஃப் பண்ணிடுங்க." மனதுக்குள் அண்ணாமலையாரைக் கூப்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முள் விறுவிறுவென்று ஏறி நாற்பதைத் தாண்டி நின்றது. எனக்கு உயிர் வந்தது.

"இன்ஜின் கல்லு மாதிரி கீது சார்" என்றவர், ஒயர் முனையில் இருந்த ரப்பர் தொப்பியைக் கவிழ்த்தார். நாலைந்து சொட்டு விழுந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார். "பூஜை போட்டு தேங்கா ஒடச்சீங்களா? புளிச்ச வாசனை அடிக்குது பாருங்க. மூடி இடுக்குல எறங்கி இதுக்குள்ள தேங்கிடுச்சு. மேடு பள்ளத்துல ஆடி ஆடி ஸ்விட்ச்சு முனைல பட்டிருக்கு. நீங்க எல்இடி பல்பு வேற போட்டு வெச்சிருக்கீங்க, கொஞ்சம் கரண்ட் கசிஞ்சாலே எரியும்."

நான் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அவளும் அதைக் கண்டுகொண்டாள்.

"நான்தாங்க ஒடச்சேன்" என்றாள் ஏழுமலையிடம். பிறகு என்னிடம், "இனிமே நீங்களே ஒடைங்க. எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றாள்.

"யாரு ஒடச்சா என்னம்மா? அடியில ஒரு ஏனம் வெச்சுக்கினா போச்சு" என்று சொல்லிக்கொண்டே அவர் பெட்ரோல் துணியால் முனையைத் துடைத்து, ஸ்விட்சை மாட்டினார். ஸ்டார்ட் செய்தேன். விளக்கு எரிந்து, இரண்டு நொடியில் அணைந்தது. கூலி 300 ரூபாய்தான் கேட்டார். மணி 11.25.

மீதி ஆறு கிலோமீட்டரும் மலையை நான் பார்க்கவே இல்லை, அந்த விளக்கு இருக்கும் இடத்தைத்தான் பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு முன்னால் போன பைக்கின் பிரேக் லைட்கூடப் பேயாகத் தெரிந்தது. செல்வியும் மலையைப் பார்க்கவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சுற்றி முடித்தபோது எனக்கு உறைத்தது. அவள் ஆசைப்பட்டுச் செய்த ஒரே காரியத்தையும் என் பார்வையால் பிடுங்கிவிட்டேன்.

பழைய வண்டியில் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் இன்ஜினை நிறுத்துங்கள், யோசனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆயில் அளவு சரியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள், கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டேப் ஒட்டச் சொல்பவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இன்ஜின் உள்ளே இருக்கும் வண்டி என்றால், தேங்காய் உடைக்கும் முன்பே அடியில் பாத்திரம் கழுவும் பேசினை வையுங்கள்.

ஊர் திரும்புவதற்கு முன் ஒரு தேங்காய் வாங்கினேன். பேசினை இன்ஜின் மூடிமேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, செல்வியை முன்சீட்டுக்கு வரச் சொன்னேன்.

"வேணாங்க, மறுபடியும் எரியும்" என்றாள்.

"எரிஞ்சா ஏழுமலை இருக்காரு. ஒடை."

ஒரே தட்டில் உடைத்துவிட்டாள். பாதித் தண்ணீர் பேசினில், மீதி என் சட்டையில்.