பல்லில்லாத வாய் சொன்னது

தெரு முழுக்கப் பல்லுக்காரர் என்று அழைக்கும் அந்த மனிதருக்கு முப்பத்து நான்கு வருடமாக ஒரே வேலை: அடுத்தவர் வாய்க்குப் பல் செட் செய்வது. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் பல் பதித்து, மெருகேற்றிக் கொடுப்பார். பட்டறை ஒரே அறை. அலமாரியில் வரிசையாக வெள்ளை அச்சுகள், திறந்த வாயோடு. புதிதாக வருகிறவர்கள் ஒரு நொடி திடுக்கிடுவார்கள். அவருக்கு அது பழகிப்போன கூட்டம்.

இரண்டு மட்டும் பழகவில்லை. ஒன்று, கண்ணாடி டம்ளரில் தண்ணீருக்குள் கிடந்த பல் செட். ஒரு வருடமாக அவரும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார். அதுவும் சிரித்துக்கொண்டே இருந்தது. மற்றொன்று, முன்பல் உடைந்த ஒரு பெண்ணின் வாய் அச்சு. அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்.

பல் செட் அவருடைய முன்னாள் சம்பந்தியுடையது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 'ரைட்டு' என்றால்தான் ஊருக்குத் தெரியும். பிள்ளைகளின் கல்யாணம் பேசி முடித்த வாரம், இவரே அளவெடுத்துச் செய்துகொடுத்தார். செட் பொருந்துகிறதா என்று பார்க்க, மற்றவர்களை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்வது வழக்கம். ரைட்டுவிடம் மட்டும், "சம்பந்தின்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். பல் இல்லாமல் வாயில் சரியாக உட்காராத சொல் அது. ரைட்டு கணீரென்று சொன்னார்: "சம்பந்தி, டிக்கெட் எடுத்தாச்சா?"

கல்யாணம் இரண்டு வருடம் தாங்கியது. அதன் கடைசி மாதத்தில் ஒரு நாள், டாக்டர் அனுப்பிய பெட்டியில் அந்த அச்சு வந்தது. சீட்டில் மருமகளின் பெயர். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மகன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். மகனின் வலது கை விரல் முட்டிகளில் கட்டு இருந்தது. கேட்டதற்கு, ஜன்னல் கண்ணாடி கிழித்துவிட்டது என்றான். வீட்டில் எந்த ஜன்னலும் உடையவில்லை. பல்லுக்காரர் நிறம் பார்த்து, மற்ற பற்களோடு ஒட்டிப்போகிற மாதிரி ஒரு பல் செய்து அனுப்பினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசியது விவாகரத்து வழக்கில். கோர்ட்டில் சமரசம் பேச உட்கார்ந்திருந்த அம்மாள், மருமகள் விழுந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். "பாத்தேன். வழுக்கித்தான் விழுந்தா" என்றார். மருமகள் அழவில்லை, மறுக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வராந்தாவில் ரைட்டு நேராக இவரிடம் வந்தார். பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி இவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பிறகு ஏதோ சொன்னார். பல்லில்லாத வாய், எல்லாம் காற்றாகப் போயிற்று. காதில் விழுந்தது ஒரு துண்டுதான்: "பொய்."

அன்று பிடித்தது. மெருகேற்றும் சக்கரம் சுற்றினால் பொய், பொய் என்று கேட்டது. குழாயில் தண்ணீர் வந்தாலும் அதே. மனைவியிடம் சொன்னதற்கு, டாக்டரிடம் காதைக் காட்டச் சொன்னாள்.

போன மாதம் மகனுக்கு மறுபடி பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா பட்டறைக்கே விசாரிக்க வந்தார், நல்ல மனிதர். "இனி நாம சம்பந்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தோளுக்குப் பின்னால் டம்ளரில் பற்கள் சிரித்தன. முதல் மருமகள் ஏன் போனாள் என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார். ஒத்துப்போகவில்லை என்ற பதில் வீட்டில் எல்லோர் வாயிலும் தயாராக இருந்தது. பல்லுக்காரர் எழுந்து, சுவரைப் பார்த்திருந்த அச்சை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.

"இது என் பையன் அடிச்சதுங்க."

வந்தவர் வாங்கிய டீயைக் குடிக்காமலே போனார். அன்று மாலையே மகன் பெட்டியைக் கட்டினான். "பெத்த அப்பனா நீ?" என்று வாசலில் நின்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கைக்குட்டைப் பொட்டலத்தோடு ரைட்டு வீட்டு மூன்றாவது மாடிக்கு ஏறினார். கதவைத் திறந்தது முன்னாள் மருமகள்தான். முன்பு, "வாங்க மாமா" என்பாள். இன்று, "வாங்க." அந்த ஒரு சொல்லுக்குள் அவர் செய்த பல் தெரிந்தது. நிறம் இம்மியும் பிசகவில்லை.

உள்ளே ரைட்டு ரொட்டியை டீயில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். பாதி ஆளாகிவிட்டிருந்தார். இவர் உட்காரவில்லை.

"நான் பாக்கல. பாத்தேன்னு சொன்னேன்" என்றார் அவளிடம். மகன் வீட்டை விட்டுப் போனதையும், எதனால் என்பதையும் சொன்னார்.

"பாக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "உங்க வாயால வரும்னுதான் அன்னிக்கு உங்களையே பாத்துட்டிருந்தேன்."

பிறகு ரைட்டு பொட்டலத்துக்காகக் கையை நீட்டினார். மாட்டியதும் செட் கடகடவென்று ஆடியது, ஈறு வற்றிப்போயிருந்தது. பல்லுக்காரர் கையைக் கழுவிவிட்டு வந்து, எங்கே இடைவெளி என்று விரலை விட்டுத் தடவினார்.

"உள்ள நெறைய எடம் இருக்கு. தள்ளிப் போங்க" என்றார் ரைட்டு, விரலுக்கு நடுவே.

அப்போதுதான் கேட்கத் தைரியம் வந்தது. "அன்னிக்கு வராந்தால என்ன சொன்னீங்க? பொய்னு மட்டும் கேட்டுச்சு."

ரைட்டு புரியாமல் பார்த்தார். யோசித்தார். "பொய்யா? போயிட்டு வரேன்னு சொன்னேன். கோவத்துலயும் பழக்கம் விடலையே."

பல்லுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடம் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தது யார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

பத்து வரை எண்ணச் சொன்னார். ரைட்டு எண்ணினார். சம்பந்தி என்ற சொல்லை இருவருமே தொடவில்லை. செட்டைச் சரிசெய்யப் புதன்கிழமை பட்டறைக்கு வருவதாக ரைட்டு சொன்னார்.

படி வரைக்கும் அவள் வந்தாள். "என் பல்லோட அச்சு இன்னும் உங்ககிட்டதான் இருக்கா?"

"இருக்கும்மா. நீ சொன்னா உடைச்சுப் போட்டுடறேன்."

"வேணாம்" என்றாள். "இருக்கட்டும்."

இப்போது அலமாரியில் டம்ளர் இல்லை. சக்கரம் வெறும் சக்கரமாகத்தான் சுற்றுகிறது. அச்சு மட்டும் இருக்கிறது. சுவரைப் பார்த்து அல்ல. அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்து.