பனிக்காகப் பிரித்த கூரை

ஜப்பானின் இந்தப் பனி ஊரில் பழைய வணிகர் வீடுகள் ஒவ்வொன்றும் தன் சொந்த இடத்தில் முன்கூரையை நீட்டி, ஊரார் பனி படாமல் நடக்க வழி விட்டிருக்கின்றன. சிங்கப்பூர்த் தேக்காவில் கடைவாசல் சூட்கேஸ்களைத் தாண்டியே நடந்து பழகிய எனக்கு, பாதை காலியாக இருந்தாலே சந்தேகம் வருகிறது. நடுவில் ஒரு வீட்டை இடித்துவிட்டார்கள். பாதை அறுந்துபோகாதிருக்க அந்த மனையின் முன் தானே போட்டிருந்த பலகைக் கூரையை, பக்கத்து சோயா சாஸ் கடைக்கார அம்மாள் ஏணியில் நின்று பிரித்துக்கொண்டிருக்கிறார்.

“பனி கொட்டுறப்பவா பிரிக்கிறீங்க?” என் கேள்வியைக் கைப்பேசி மொழிபெயர்க்கிறது.

“மனையை வாங்கினவர் நாளைக்கு வர்றார். பாதைக்கு இடம் விடாம கட்டப்போறாராம். சொல்லிப் பார்த்துட்டேன். கூரையில்லாம பனியில நடந்து பார்க்கட்டும்.”

என் மனைவி ஏணியைப் பிடித்துக்கொள்கிறாள். “சும்மா நிக்காதீங்க லா, பலகையை வாங்குங்க.”

வாங்குகிறேன். மனை வாங்கியவருக்கென்று திறந்துவிட்ட பனி முதலில் என் காலணிக்குள் இறங்குகிறது.