ஒன்பது நாள் பணிக்கூலி

கொல்லங்கோட்டில் என்னைப் போல ஒரு வாயாடி அப்போது கிடையாது. ஒன்பது வயதில் ஒரு மனிதரைக் கள்ளனாக்கியவள் நான்.

என் மாமா லாரி ஓட்டியவர். வாளையார் பக்கம் அது கவிழ்ந்ததில் இடது முழங்கால் மடங்காமல் போயிற்று. அதன்பிறகு எந்த வண்டியையும் தொடாமல் வீட்டோடு கிடந்தவருக்குப் பட்டாளத்தில் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை என் அத்தா, அதாவது அப்பா, வாங்கிக் கொடுத்தார். எங்கள் கடைத் துணியைச் சந்தை சந்தையாகக் கொண்டுபோய் விற்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வீட்டில் சோறு இல்லை என்று சொல்லியேதான் கொடுத்தார்.

இடப்பக்கத்துக் கால் பிரேக்கைக் கைக்கு மாற்றி, பின்னால் துணிமூட்டை வைக்க இரும்புக் கேரியர் பொருத்த மூன்று நாள் ஆகும் என்றார் பட்டறை மேஸ்திரி. சாமான் விலை தனி. பணிக்கூலி நாளுக்கு இரண்டு ரூபாய்.

மாமா காலையிலேயே பட்டறைக்குப் போய்விடுவார். மத்தியானச் சோறு கொண்டுபோவது நான். அந்தப் பெட்ரோல் வாசம் இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. மூன்றாம் நாளே வண்டி தயாராக நின்றது. மறுநாள் மாமா, “கேரியர் ஒரு விரல் உசரமா இருக்குதுங்க மேஸ்திரி” என்றார். மேஸ்திரி கழற்றி இறக்கினார். அடுத்த நாள், “ரொம்பத் தாந்துபோச்சுங்களே.” மறுபடி ஏற்றினார். ஆறு நாள் இதே கூத்து. இந்த மேஸ்திரிக்கு வேலை தெரியாது என்று நான் முடிவு கட்டினேன்.

மேஸ்திரி கொடுத்தனுப்பிய கணக்குச் சீட்டில் ஒன்பது நாள் கூலி எழுதியிருந்தது. அத்தா கொதித்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

“மூணு நாளுன்னு சொல்லிப்போட்டு ஒம்போது நாளைக்குக் கைய நீட்டறீங்களா?”

“மூணு நாள்தான் அத்தா வேலை நடந்துச்சு! பொறவு சும்மா கழட்டிக் கழட்டி மாட்டினாரு!” என்று கூவினேன்.

மேஸ்திரி வண்டியருகே நின்ற மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். மேஸ்திரி பென்சிலை எடுத்து ஆறு நாளை அடித்தார். “புள்ள சொல்றது நெசந்தானுங்க ராவுத்தரே.”

“கள்ளன்!” என்று சொல்லி அத்தா மூன்று நாள் கூலியை விட்டெறிந்து, மாமாவிடம் திரும்பினார். “மாப்ளே, வண்டிய எடு.”

மேஸ்திரியே உதைத்துக் கிளப்பிக் கொடுத்தார். மாமா ஏறி உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்தவர் மறுபடி இறங்கப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில் என்று நினைத்தேன். மேஸ்திரி கேரியரில் ஏறி மாமாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “மெல்லப் போங்க, நானிருக்கறனுங்க.”

வண்டி ஆடி ஆடித் தெருவைத் தாண்டியது.

“பாருங்கத்தா, கள்ளனுக்கு ஓசிச் சவாரி வேற!” என்று கத்தினேன்.

அத்தா சிரித்து, மிட்டாய்க்கு ஓரணா கொடுத்தார்.