காளைக்குத் தைத்த போர்வை

நேற்று உங்கள் சைக்கிள் செயினை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன், கண்ணுகளா. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் பாலக்காட்டு ஆற்றங்கரைக் காலனியில் எட்டு வயதுப் பையனாகிவிட்டேன்.

வெள்ளம் வடிந்த வாரம் அது. தையல்காரரான என் அப்பா, சேறு புகுந்த மெஷினைக் கழற்றி, ஒவ்வொரு திருகாணியையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தார். தையல் நடக்காவிட்டால் அவர் எங்களை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்குக் கூலி வேலைக்குப் போயாக வேண்டும். மூன்றாம் நாள் மெஷின் ஓடியது. ஆனால் அது கெட்டுப்போயிற்று என்று நினைத்து யாரும் துணி கொண்டுவரவில்லை.

அன்று கொல்லங்கோட்டு விவசாயி ஒருவர் ஒற்றைமாட்டு வண்டியில் அரிசி கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தார்.

“அரிசி குடுத்தீங்க, சந்தோசமுங்க. தைக்கற வேலை ஏதாச்சும் இருந்தாக் குடுங்க,” என்றார் அப்பா.

விவசாயி யோசித்தார். “இப்ப என்றகிட்ட இந்தக் காளைதானுங்க இருக்குது. இதுக்கொரு போர்வை தைங்க,” என்று வண்டியில் கிடந்த சிவப்பு ஜமுக்காளத்தைக் கொடுத்தார்.

அப்பா டேப்பால் காளையின் நெஞ்சை அளந்தார். “மூச்சை இழுத்துப் புடிக்காதீங்க,” என்று வழக்கம்போல் அதனிடமும் சொன்னார். வெள்ளத்துக்குப் பிறகு அம்மா சிரித்தது அப்போதுதான்.

மாலையில் காளை புதுப் போர்வையோடு காலனி முழுக்க நடந்து போனது. மறுநாள், நிவாரணத்தில் வந்த தொளதொளச் சட்டைகளைச் சிறிதாக்க ஆறு பேர் வாசலில் நின்றார்கள்.

“காளையை அளந்த டேப்புங்களா இது?” என்றார் முதல் ஆள்.

“கழுவிட்டேனுங்க. கையை நீட்டுங்க,” என்றார் அப்பா.