பொட்டு வைத்த குப்பிகள்

அன்று வீட்டில் நைனா இருந்தார், அம்மா இருந்தார், ஆயுத பூஜைக்கென்று அக்காவும் பாவாவும் வந்திருந்தார்கள். நான் இல்லை. என் ஆராய்ச்சி ஈக்களுக்கான உணவு எடுத்துவரச் சென்னையில் உள்ள ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். அங்கே குளிர் அறை பழுது. அதனால்தான் ஈக்கள் இருந்த கண்ணாடிக் குப்பிகளைத் திருத்தணி வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு விசைத்தறிகளுக்கும் பக்கத்து அறையில் வைத்திருந்தேன்.

கனகம்மாசத்திரத்துப் பழக்கடைகள், திருவாலங்காட்டுக் கொய்யாத் தோப்பு, மணவூர் ஸ்டேஷன் என்று வாழைப்பழம் வைத்துப் பிடித்த பழ ஈக்கள் அவை. ஒரு குப்பியில் இருப்பவை எல்லாம் ஒரே தாயின் வழி வந்தவை. எந்த ஊர், எந்தத் தாய் என்று மார்க்கர் பேனாவால் கண்ணாடி மேலேயே எழுதியிருந்தேன். என் முனைவர் பட்டம் அந்த எழுத்தில்தான் இருந்தது. ஈக்கள் எங்கேயும் கிடைக்கும்.

நான் திரும்பியபோது தறிகள் நின்றிருந்தன. கீழே தறி நாடா, கத்தரிக்கோல், பாவாவின் பைக் சாவி, வாழையிலை மேல் என் குப்பிகள். ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம்.

"மச்சான், ஊருல எல்லாரும் ஈயை ஓட்டுவாங்க. நீ பெரிய படிப்பு படிச்சுகினு ஈ வளக்கற," என்றார் பாவா. அக்கா சிரித்தாள்.

"சும்மா இருங்க மாப்ளே. அது அவன் தொழிலு," என்றார் நைனா. பிறகு என்னிடம், "தறிய தொடச்ச கையோட உன் சாமானையும் தொடச்சிட்டேன்டா. மேல என்னமோ கிறுக்கிகினு இருந்துச்சு. கிருஷ்ணாயில் போட்டதும் பளிச்சுனு ஆயிடுச்சு."

குனிந்து பார்த்தேன். ஒரு எழுத்துகூட இல்லை. உள்ளே ஈக்கள் நன்றாகவே இருந்தன.

"எந்த வரிசையில எடுத்தீங்க நைனா?"

"வரிசையா? எல்லாத்தையும் கூடையில போட்டு தோட்டத்துக்கு எடுத்துகினு போனேன். ஏன், எதுனா ஒடஞ்சிருக்கா?"

"இல்ல நைனா."

கை நீட்டினேன். "பூஜையில வச்சதுடா, நாளைக்குத் தொடு," என்றார் அம்மா. ஆங் என்றேன். பொரி கொடுத்தார்கள், தின்றேன்.

மறுநாள் ஒவ்வொரு குப்பியாகப் புது உணவுக்கு மாற்றினேன். எதற்கு மாற்றுகிறேன் என்று யோசிக்கவில்லை, கை பழகிய வேலை. ஆய்வகத்தில் என் வழிகாட்டி மேடம் குப்பிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. திட்டவில்லை. "தாய் எதுன்னு தெரியாம இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. அடுத்த வருஷ மழைக்கு மறுபடி பிடிங்க," என்றார்கள். அதற்கு முன்பே என் உதவித்தொகை முடிந்துவிடும். சரி மேடம் என்று சொல்லிவிட்டு, குப்பிகளைக் கழுவப் போட்டேன்.

வீட்டில், "இன்னும் ஒரு வருஷம் ஆவும் நைனா, காசு வராது," என்று மட்டும் சொன்னேன்.

"பெயிலா?"

"இல்ல. புடிச்ச ஈ போதல."

தை மாதம் நகரியிலிருந்து ஒருவர் வண்டி கொண்டுவந்தார். ஜன்னல் ஓரத்துத் தறியைக் கழற்றி ஏற்றும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அதன் சட்டத்தில் அன்று வைத்த பொட்டு காய்ந்து கிடந்தது. நைனா பணத்தை எண்ணாமல் என்னிடம் கொடுத்தார். நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்.