கிளி எச்சமும் பெரியப்பாவும்

செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். என் பெரியப்பாவை மட்டும் நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

பாகூரில் அவரைக் கேட்காமல் யாரும் மாட்டுக்குத் தீவனம் மாற்ற மாட்டார்கள். சாணத்தைக் கையால் பிட்டுப் பார்ப்பார். கொள்ளு முழுசாகக் கிடந்தால் அது உடம்பில் ஒட்டவில்லை, தண்டம். அன்றோடு அந்தத் தீவனம் நிற்கும். மாட்டு விஷயத்தில் அவர் சொல் பொய்த்ததில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

சைகோனில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, விடுப்பில் வந்தபோது எனக்கு ஒரு கிளி கொண்டுவந்தார். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தூங்கும். பூந்தேனும் மகரந்தமும்தான் அதற்குச் சாப்பாடு, தானியம் வைத்துவிடாதே என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார். நான் முருங்கைப்பூவும் தென்னம்பாளையும் கொண்டுவந்து கூண்டில் செருகுவேன். மூக்கெல்லாம் மஞ்சள் மாவு அப்பத் தின்னும். எச்சமும் மஞ்சளாகவே விழும்.

ஒருநாள் பெரியப்பா அந்த எச்சத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“இன்னாடி இது, தின்ன மாவு அப்படியே வெளிய வந்து கெடக்குது? பூவு இதுக்கு ஒட்டல. ஊறவச்ச கொள்ளு குடு, போதும்.”

மாமா சொன்னதைச் சொன்னேன். துப்பாக்கி பிடிக்கிறவனுக்குத் தீவனத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தார். அம்மா அவர் எதிரில் வாய் திறக்க மாட்டாள். அப்பா அண்ணன் சொல்லைத் தட்டாதவர். நான் திருட்டுத்தனமாகச் செருகிய பாளையையும் பெரியப்பா பிடுங்கி எறிந்தார்.

கிளி கொள்ளைத் தொடவே இல்லை. பசித்தால் தின்னும் என்றார். தொங்கத் தெம்பில்லாமல் கூண்டின் அடியில் உட்கார்ந்தது. ஒரு காலையில் அங்கேயே செத்துக் கிடந்தது. மனிதர் அப்போதும் அசரவில்லை. பூவைத் தின்றே உடம்பு இற்றுப்போயிருந்தது, நான் என்ன செய்வேன் என்றார். வீடே தலையாட்டியது. நானும் அழுதுகொண்டே நம்பினேன்.

பிற்பாடு, கல்லூரியில் படித்த என் மகன்தான் சொன்னான். மகரந்தத்தின் மேல்தோல் ரொம்பக் கெட்டியாம். பறவையின் வயிறு உள்ளே இருக்கும் சத்தை எடுத்துக்கொண்டு தோலை அப்படியே தள்ளிவிடுமாம். வெறும் கண்ணுக்கு, தின்றது தின்றபடியே வந்த மாதிரி இருக்கும்.

ஆக, அவர் விரலில் ஒட்டியிருந்தது உமி. தலைமுறை தலைமுறையாக நெல் குத்திய வீட்டில், உமி கிடந்தால் அரிசி எங்கோ போயிருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் சின்னப் பெண், எனக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவர் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். கிளி நன்றாகத்தான் தின்றுகொண்டிருந்தது. பட்டினி போட்டுக் கொன்றவர் அவர்.