மண்டபத்தூர் பாரும் நான் கழுவிய பவளமும்

போன மாசியில் காரைக்கால் பக்கம் மண்டபத்தூரிலிருந்து படகேறிக் கடலுக்குள் போய் வந்தேன். சுற்றுலா இல்லை. என் மகள் ரம்யா எம்.எஸ்சி. கடைசி வருடம். பவளத்தில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆய்வு செய்கிறாள். படகில் வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று அவள் அம்மா அடம்பிடித்ததில் நான் அகப்பட்டேன். உங்கள் பிள்ளையும் இந்த மாதிரிப் படித்தால் நீங்களும் ஒரு நாள் இப்படிப் போக வேண்டிவரும். அதற்குத்தான் எழுதுகிறேன்.

காரைக்காலில் பவளமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ராமேஸ்வரம் பக்கம் மாதிரி பெரிய திட்டெல்லாம் இங்கே கிடையாது. கடலடியில் பாறை தலைதூக்கும் இடத்தை நம் ஆட்கள் 'பார்' என்பார்கள். மீன் அடையும் இடம் என்பதால் வலைக்காரர்களுக்கு அத்துப்படி. அங்கே விசிறி மாதிரி பவளம் ஒட்டி வளர்கிறது. தொடுவதற்கே அரசு அனுமதி வேண்டும். நான்கு செடியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒவ்வொரு துண்டு எடுக்க ரம்யாவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஐந்தாவது வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். (அது செடியில்லை, உயிர்ப் பிராணி என்று ரம்யா பலமுறை திருத்திவிட்டாள். எனக்கு வாயில் செடி என்றுதான் வருகிறது.)

கோவில்பத்திலிருந்து காலை ஐந்தரைக்கு ஆட்டோ. முந்நூறு ரூபாய். ஐஸ் பெட்டி, முக்குளிக்கும்போது மூச்சுவிடக் காற்றுச் சிலிண்டர்கள், ரம்யா, அவளோடு முக்குளிக்கும் சிநேகிதி ஷாகிரா, எல்லாம் போக மிச்ச இடத்தில் நான். மண்டபத்தூரில் படகுக்காரர் முருகையன் காத்திருந்தார். மீன் ஏலத்தில் பல வருடப் பழக்கம். நான் மீன் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவன். படிப்பு பத்தாவது, அதுவும் இரண்டாம் முயற்சியில்.

"மீனை விட்டுட்டுக் கிருமி வாங்க வந்துட்டீங்களாண்ணே?" என்று ஆரம்பித்தார்.

பார் வரை ஒரு மணி நேரம். அதில் பெரும்பகுதி நான் படகு ஓரத்தில் குனிந்திருந்தேன். இந்த மீன் வியாபாரிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது முருகையனுக்கு அன்றுதான் தெரிந்தது.

நடுவில் ரம்யா விளக்கினாள். நுண்ணுயிரைத் தட்டில் தீனி வைத்து வளர்ப்பது பழைய வழியாம். அதில் கொஞ்சம்தான் வளரும், மிச்சம் இருந்ததே தெரியாமல் போகும். அதனால் இப்போது டிஎன்ஏவை மொத்தமாகப் பிரித்தெடுத்து, எல்லா பாக்டீரியாவிடமும் இருக்கும் ஒரு மரபணுவைப் படித்து, யார் யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்கிறார்கள். பவளத்தின் மேலே ஒரு கூட்டம், சதையில் ஒரு கூட்டம், சுற்றியுள்ள தண்ணீரில் வேறு கூட்டம். ஒன்றோடொன்று கலந்தால் வேலை கெட்டது. நான் தலையாட்டினேன். புரிந்து ஆட்டியது எது, குமட்டலில் ஆடியது எது என்று எனக்கே தெரியவில்லை.

என் வேலை ஒன்றுதான். ரம்யாவும் ஷாகிராவும் முக்குளித்துத் தண்ணீரிலிருந்து நீட்டும் பையை வாங்கி ஐஸில் வைக்க வேண்டும். முதலில் இரண்டு பை வந்தது. உள்ளே பவளத் துண்டு, மேலெல்லாம் கோழை மாதிரி வழவழவென்று வழும்பு. மீன் தொழிலில் இருப்பவன் கை அதைப் பார்த்துச் சும்மா இருக்காது. வழும்பு இருந்தால் சரக்கு கெடும், கழுவித்தான் ஐஸ் போடுவோம். பையைப் பிரித்தேன். வாளியில் கடல்தண்ணீர் மொண்டு, கட்டைவிரலால் தேய்த்து அலசி, திரும்பப் போட்டு மூடினேன். "இப்பதான் சரக்கு மாதிரி இருக்கு" என்று முருகையனும் சொன்னார்.

ரம்யா மீதி இரண்டோடு ஏறி வந்து பெட்டியைத் திறந்தாள். ஒரு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அப்பா, இதைக் கழுவினீங்களா?"

"வழும்பா இருந்துச்சும்மா."

"அந்த வழும்புலதாம்ப்பா நான் தேடி வந்ததே இருக்கு."

மூன்று பவளத்தின் வழும்பாவது இருந்தால்தான் ஒப்பிட்டு எழுத முடியுமாம். கையில் இருப்பது இரண்டு. இன்னொரு துண்டு வெட்ட முடியாது. ஆனால் முதலில் வெட்டிய அதே பவளத்தின் மேலிருந்து சிரிஞ்சில் வழும்பை மட்டும் உறிஞ்ச அனுமதி இருந்தது. மாற்றுச் சிலிண்டரும் இருந்தது. கடல்காற்றுதான் வலுத்துக்கொண்டிருந்தது, கிளம்பலாம் என்று முருகையன் இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் கெஞ்சக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்தவர், "நானும்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு நங்கூரக் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

இருவரும் மறுபடி தண்ணீரில் இறங்கினார்கள். படகு ஆடிய ஆட்டத்தில் எனக்கு வாந்திகூட மறந்துவிட்டது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். ரம்யா மேலே வந்தபோது சிரிஞ்சை என்னிடம் நீட்டவில்லை. ஏறி வந்து தானே ஐஸில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கையைக் காட்டுங்கப்பா" என்றாள். பஞ்சுக் குச்சியால் என் கட்டைவிரலைத் துடைத்து ஒரு குழாயில் போட்டாள். வாளித் தண்ணீரிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டாள். கழுவிய துண்டுகளின் சதையை ஆராயலாமாம். என் கையிலிருந்து ஒட்டியது எது என்று தெரிந்தால் கழித்துவிடலாமாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மாசி, பங்குனியில் தண்ணீர் தெளிவாக இருக்கும். சித்திரையில் மீன்பிடித் தடை வந்தால் படகு கிடைக்காது. டீசலோடு நாலாயிரம் கொடுத்தோம். அனுமதிக் கடிதத்தின் நகல் படகில் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், வயிறு முட்டவும் வேண்டாம். பிள்ளை மூடித் தந்த பையைத் திறக்கத் தோன்றினால், உங்கள் கைமேல் நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மடிக்கணினியில் முடிவைக் காட்டினாள். கலர் கலராகப் பட்டைகள். மூன்று வழும்பும் ஒன்றுபோல இருந்தன, தண்ணீர் வேறாக இருந்தது. ஓரத்தில் எதோடும் சேராமல் ஒரு பட்டை. அதன் கீழே 'அப்பா கை' என்று இருந்தது.

இதையாவது எடுத்துவிடேன், வாத்தியார்கள் சிரிக்கப்போகிறார்கள் என்றேன்.

"இல்லப்பா. அது இருந்தாத்தான் மத்ததை நம்புவாங்க."